கெர்னலுக்கு அதிபுத்திசாலி கம்பைலர் தேவையா?

"இதை இன்னும் வேகமாக்க வழி சொல்லுங்கள்" என்பதுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சலிக்காமல் கேட்கும் கேள்வி. ரேம் கூட்டலாமா, எந்த சாப்ட்வேரை நீக்கலாம், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் இலகுவாக ஓடும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த வேகத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது, அதற்கு நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கம்பைலர் என்ற சாப்ட்வேர், கம்ப்யூட்டரின் மிக முக்கியமான புரோகிராமிலிருந்து ஒரு பாதுகாப்புச் சோதனையை யாரிடமும் சொல்லாமல் நீக்கிவிட்ட கதை இது. 2009-ல் நடந்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில் கம்பைலரின் அதிக புத்திசாலித்தனம் நமக்குத் தேவையில்லை. எழுதியது எழுதியபடி நடந்தால் போதும்.

நமக்கு புரோகிராமிங் தெரியாதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடங்குவதற்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

முதல் சொல் கெர்னல். நீங்கள் பார்க்கும் டெஸ்க்டாப், ஐகான், மெனு எதுவும் கெர்னல் அல்ல. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து, எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி, யார் எந்த பைலைத் திறக்கலாம், பிராசசர் அடுத்து யாருடைய வேலையைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்யும் புரோகிராம்தான் கெர்னல். வேர்ட் தப்பு செய்தால் வேர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் தப்பு செய்தால் சிஸ்டமே நின்றுவிடும். அதைவிட மோசம், நிற்காமல் வேறு யாருடைய பேச்சையோ கேட்டுக்கொண்டு ஓடும். விண்டோஸுக்கு ஒரு கெர்னல் உண்டு, மேக்குக்கு ஒன்று உண்டு. லினக்ஸ் என்பதே, கறாராகச் சொன்னால், ஒரு கெர்னலின் பெயர்தான். 1991-ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. லினக்ஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்.

இரண்டாவது சொல் கம்பைலர். லினக்ஸ் கெர்னலின் மிகப் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பிராசசருக்கு சி புரியாது. அதற்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. லினக்ஸுக்குத் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையைச் செய்து வருவது ஜிசிசி என்ற இலவச கம்பைலர்.

வெறும் மொழிபெயர்ப்போடு நின்றிருந்தால் பிரச்னையே இல்லை. கம்பைலர் ஒரு எடிட்டரும்கூட. ஒரே கணக்கை இரண்டு இடத்தில் போட்டிருந்தால் ஒருமுறை போட்டு விடையை வைத்துக்கொள்ளும். யாருக்கும் பயன்படாத வரியைத் தூக்கிவிடும். வேகம் கிடைக்கும் என்றால் வரிகளின் வரிசையையே மாற்றும். இதற்கு ஆப்டிமைசேஷன் என்று பெயர். உங்கள் கம்ப்யூட்டரில் சினிமா திக்காமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல எடிட்டர் கட்டுரையைச் சுருக்கிக் கூர்மையாக்குவார். ஆனால் மருந்து பற்றிய கட்டுரையில் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற வரியை, 'இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று அவர் வெட்டிவிட்டால்?

காணாமல் போன சோதனை

லினக்ஸில் 'டன்' என்று ஒரு டிரைவர் உண்டு. கேபிளும் கார்டும் இல்லாமல், சாப்ட்வேரிலேயே ஒரு நெட்வொர்க் கார்டு இருப்பதுபோல் காட்டுவது இதன் வேலை. விபிஎன் இணைப்புகளுக்கு இது உதவும். 2009-ன் தொடக்கத்தில் இந்த டிரைவரில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளியான 2.6.30 கெர்னலில் அது வெளியே வந்தது.

அந்த இடத்தில் புரோகிராம் செய்ய வேண்டிய வேலை எளிமையானது. வேண்டிய விவரங்கள் மெமரியில் எங்கே இருக்கின்றன என்ற முகவரியை முதலில் வாங்கும். இப்படி முகவரியை வைத்திருப்பதற்குப் பாயிண்டர் என்று பெயர். விவரம் எதுவும் இல்லை என்றால் முகவரியாகப் பூஜ்யம் வரும். ஆகவே பூஜ்யமா என்று பார்த்து, பூஜ்யம் என்றால் 'பிழை' என்று சொல்லித் திரும்பிவிட வேண்டும். அந்தச் சோதனை அங்கே இருந்தது. ஆனால் புதிதாக வந்த வரி, அந்தச் சோதனைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. முதலில் அந்த முகவரிக்குப் போய் ஒரு மதிப்பை எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் முகவரி பூஜ்யமா என்ற கேள்வியே வரும். பைக்குள் கையை விட்டுப் பணத்தை எடுத்த பிறகு, "ஆமாம், பை இருக்கிறதா?" என்று கேட்பதைப்போல.

இது புரோகிராமரின் தவறு. மறுக்க முடியாது. என்றாலும் தாமதமாகவாவது சோதனை என்று ஒன்று இருந்ததே? ஜிசிசி இப்படி யோசித்தது: "சி மொழியின் விதிப்படி பூஜ்ய முகவரியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் என்ன நடக்கும் என்று விதி எந்த உத்தரவாதமும் தரவில்லை. இவர் எடுத்துவிட்டார். அப்படியானால் முகவரி பூஜ்யமாக இருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் கீழே இருக்கும் சோதனை வீண்." சோதனை நீக்கப்பட்டது. சி-யில் எழுதிய பைலைத் திறந்து பார்த்தால் அந்த வரி அப்படியேதான் இருக்கும். கண்ணால் படிப்பவர்கள் எல்லோரும் சோதனை இருப்பதாகவே நினைப்பார்கள். ஓடுகிற கெர்னலில் மட்டும் அது இருக்காது.

2009 ஜூலை 17 அன்று, பிராட் ஸ்பெங்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் புரோகிராமையே வெளியிட்டார். கம்ப்யூட்டரில் சாதாரண லாகின் மட்டும் உள்ள ஒருவர், சிஸ்டம் முழுவதற்கும் எஜமானராகிவிட முடியும் என்பதை அது காட்டியது. சிவிஇ-2009-1897 என்ற எண்ணில் இந்த ஓட்டை பதிவாகியிருக்கிறது.

பூஜ்யத்தில் குடியிருப்பவர்

கம்பைலரின் வாதம் சாதாரண புரோகிராம்களுக்குச் சரியானதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பூஜ்ய முகவரியில் மெமரி எதுவும் இருக்காது. எடுக்கப் போன கணத்திலேயே புரோகிராம் நின்றுவிடும். கீழே இருக்கும் சோதனைவரை வந்து சேரவே சேராது. வராத இடத்தில் சோதனை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கெர்னலில் கதை வேறு. அந்தக் காலத்து இன்டெல் வகை பிராசசர்களில், ஒரு யூசரின் வேலையை கெர்னல் செய்யும்போது அந்த யூசருடைய மெமரியையும் அதனால் நேரடியாகப் படிக்க முடியும். விஷமம் செய்ய நினைப்பவர் தன் புரோகிராமுக்குப் பூஜ்ய முகவரியில் கொஞ்சம் மெமரியைக் கேட்டு வாங்குகிறார். அதில் தனக்கு வேண்டிய மதிப்புகளை எழுதி வைக்கிறார். கெர்னல் பூஜ்யத்துக்குப் போகிறது. அங்கே மெமரி இருப்பதால் அது நிற்கவில்லை. விஷமி வைத்த மதிப்பை எடுத்துக்கொள்கிறது. சோதனை இருந்திருந்தால், 'பூஜ்யம், திரும்பிப் போ' என்று இந்த இடத்திலாவது தப்பித்திருக்கும். அது இல்லாததால், விஷமி கொடுத்த முகவரிகளை நம்பி மேலே நடக்கிறது. கடைசியில் அவர் காட்டிய இடத்தில், கெர்னலின் கையாலேயே ஒரு பிட் மாறுகிறது. ஒரே ஒரு பிட். அதுவே போதுமானதாக இருந்தது.

பூஜ்ய முகவரியில் யூசருக்கு இடம் தராமல் தடுக்கும் ஏற்பாடு லினக்ஸில் 2007-லேயே வந்துவிட்டது. அதையும்தான் தாண்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதுகாப்பைக் கூட்டுவதற்காக எஸ்இலினக்ஸ் என்ற வசதியைச் சேர்த்திருந்த சிஸ்டங்கள் சிலவற்றில் இந்தத் தடை தளர்ந்து போயிருந்தது. வாசலுக்கு இரண்டாவது பூட்டு வாங்கப் போனவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி!

தப்பு யார் மேல்?

கம்பைலர் எழுதுபவர்கள் சொல்வது இது: விதியை மீறியவர் புரோகிராமர், நாங்கள் விதிப்படி நடந்தோம். உண்மைதான். 'சில சூழல்களில் இந்த அனுமானம் பொருந்தாது, அங்கே இதை நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று ஜிசிசியின் கையேட்டிலேயே எழுதி, அதற்கென ஒரு ஸ்விட்சும் வைத்திருக்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் அந்த ஸ்விட்சைப் போட்டது ஓட்டை வெளியே வந்த பிறகு, அதே ஜூலையில். பூஜ்ய முகவரி தங்கள் வீட்டில் காலியாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். முன்பே போட்டிருக்க வேண்டும். அந்த அளவுக்குக் குற்றம் அவர்கள் பக்கம்தான்.

ஆனாலும் 'விதிப்படி நடந்தோம்' என்ற பதிலோடு வழக்கை முடிக்க எனக்கு மனமில்லை. வீட்டில் ஒயரிங் எல்லாம் விதிப்படி இருந்தால் எர்த் ஒயரில் கரண்ட் போகவே போகாது. "ஆகவே எர்த் ஒயர் வீண்" என்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிக்கொண்டு போனால் என்ன சொல்வீர்கள்? விதி மீறப்படும் நாளுக்காகத்தானே அந்த ஒயரே! பூஜ்யமா என்று பார்க்கும் சோதனையும் அந்த ஜாதிதான். வேறு எங்கோ யாரோ தவறு செய்திருப்பார்கள் என்று பயந்து வைப்பது. தவறே நடக்காது என்று வைத்துக்கொண்டு அதை நீக்கினால், அதன் பிழைப்பையே கெடுத்ததாகும்.

நீக்கியதால் கிடைத்த லாபம் எவ்வளவு? பூஜ்யமா என்று பார்க்க ஒரு கட்டளை, ஆமாம் என்றால் தாண்டிப் போக ஒரு கட்டளை. 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு. இந்தச் சேமிப்புக்காகக் கொடுத்த விலை, சிஸ்டத்தின் சாவி.

அப்படியானால் ஆப்டிமைசேஷனை மொத்தமாக நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. லினக்ஸ் கெர்னலை ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யவே முடியாது. தேவையற்றதைக் கம்பைலர் நீக்கிவிடும் என்று நம்பியே அதன் பல பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கெர்னல் எழுதுபவர்களும் இந்தச் சாமர்த்தியத்தில் பங்கு சாப்பிட்டவர்கள்தான். சரி, எதை நீக்கினாலும் ஒரு எச்சரிக்கையாவது கொடுக்கட்டுமே? அதுவும் சுலபமில்லை. பொதுவான துண்டுகள் பல பைல்களில் வந்து ஒட்டிக்கொள்ளும்போது, உண்மையிலேயே வீணான சோதனைகள் ஏராளமாகச் சேரும். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வந்தால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். இதற்கென்றே தனிக் கருவிகள் வந்தது ஓரளவு ஆறுதல். ஸ்மாட்ச் என்ற ஒன்று, எடுத்துவிட்டுப் பிறகு சோதிக்கும் இந்தத் தலைகீழ் வரிசையைத் தேடிப் பிடித்துச் சொல்லும்.

ஆகவே ஆப்டிமைசேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. செய்த கணக்கையே திரும்பச் செய்யாமல் இருக்கும் சாமர்த்தியம் வேண்டும். புரோகிராமர் பயந்து வைத்த காவலை 'பயப்படத் தேவையில்லை' என்று அனுப்பிவிடும் சாமர்த்தியம் கெர்னலில் வேண்டாம்.

மெமரியை மாற்றியது யார்?

டன் டிரைவர் விவகாரம் பெயர் வாங்கிவிட்டது. அன்றாடத் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தான் பார்க்கும் புரோகிராமைத் தவிர வேறு யாரும் மெமரியைத் தொட மாட்டார்கள் என்று நினைப்பது கம்பைலரின் பழக்கம். 2005-க்கு முன்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரே கோர்தான் இருக்கும். இன்று எட்டு கோர் கொண்ட போன் சாதாரணம். எட்டும் ஒரே மெமரியை ஒரே நேரத்தில் படிக்கின்றன, எழுதுகின்றன.

'இந்த இடத்தில் 1 வரும்வரை பார்த்துக்கொண்டே இரு' என்று கெர்னலில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கோர் வேலையை முடித்துவிட்டு அங்கே 1 என்று எழுதும். கம்பைலர் பார்க்கிறது. காத்திருக்கும் வரிகளுக்குள் அந்த இடத்தை யாரும் மாற்றவில்லை. ஆகவே ஒருமுறை படித்தால் போதும் என்று முடிவு கட்டுகிறது. பஸ் வந்துவிட்டதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு "வரவில்லை, வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே நிற்பவரைப்போல அந்தக் கோர் நின்றுவிடும். பஸ் வந்து போய்விட்டிருக்கும்.

இதன் நேர் எதிரும் நடக்கலாம். ஒருமுறை படி என்று எழுதியதைக் கம்பைலர் இரண்டு முறை படிக்கலாம். நீளம் சரியா என்று சோதித்தது ஒரு மதிப்பு, காப்பி எடுக்கும்போது பயன்படுத்தியது இன்னொரு மதிப்பு என்றாகிவிட்டால், நடுவில் அதை மாற்றிவிட்டவருக்குக் கொண்டாட்டம்தான்.

இதற்காக 2008-ல் 'ஆக்சஸ் ஒன்ஸ்' என்று ஒரு குறியை கெர்னலில் கொண்டு வந்தார்கள். 'மெமரிக்குப் போய் ஒரே ஒருமுறை படி, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்காதே' என்று அதற்கு அர்த்தம். சில வகை மதிப்புகளுக்கு ஜிசிசி 4.6, 4.7 பதிப்புகள் இந்தக் குறியையே தவறவிடுவது பிறகு தெரிய வந்தது. எனவே 'ரீட் ஒன்ஸ்', 'ரைட் ஒன்ஸ்' என்று புதிதாக எழுதினார்கள். 2017-ல் பழையதைத் துடைத்தே போட்டார்கள். ஒரு மதிப்பைப் படி என்று கம்பைலருக்குப் புரிய வைக்க இத்தனை பாடு!

2012-ல் வெளியான இன்னொரு விஷயம் இதைவிடச் சுவையானது. பைல்களை ஒழுங்காக வைக்கும் பிடிஆர்எப்எஸ் என்ற பகுதியில், இன்டெலின் இட்டானியம் பிராசசர் உள்ள மெஷின்களில் மட்டும் விசித்திரமான கோளாறு. 32 பிட் பூட்டு ஒன்றும் அதன் பக்கத்தில் சில தனிப் பிட்களும் மெமரியில் அடுத்தடுத்து இருந்தன. பக்கத்துப் பிட் ஒன்றை மாற்று என்றால், ஜிசிசி 64 பிட்டையும் சேர்த்து எடுத்து, அந்த ஒரு பிட்டை மாற்றி, 64-ஐயும் திரும்ப எழுதியது. இடைப்பட்ட நேரத்தில் வேறொரு பிராசசர் அந்தப் பூட்டைத் திறந்தோ மூடியோ இருந்தால், அது மாற்றியது அழிந்து பழைய நிலை திரும்பிவிடும். இரண்டு குமாஸ்தாக்கள் பார்க்கும் லெட்ஜரில், தன் வரியைத் திருத்துவதற்காக ஒருவர் பக்கம் முழுவதையும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, அதையே ஒட்டி வைத்ததுபோல. நடுவில் மற்றவர் எழுதியது போனது போனதுதான். இப்படிப் பக்கத்து இடத்தைத் தொடக் கூடாது என்ற கருத்து 2011-ல் வந்த சி மொழியின் புதிய விதிகளில் சேர்க்கப்பட்டது. பழைய விதிகளில் அது இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இதற்கு வெளியே இல்லை. பாஸ்வேர்டைப் பயன்படுத்திய பிறகு மெமரியில் அந்த இடத்தைப் பூஜ்யங்களால் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். 'இதற்குப் பிறகு யாரும் அந்த இடத்தைப் படிக்கப் போவதில்லையே' என்று கம்பைலர் துடைக்கும் வேலையை நீக்கிவிடலாம். பாஸ்வேர்டு அங்கேயே கிடக்கும். கம்பைலர் நீக்காதபடி துடைப்பதற்கென்றே மைக்ரோசாப்ட் 'செக்யூர் ஜீரோ மெமரி' என்ற தனி வசதியை புரோகிராமர்களுக்குத் தர வேண்டியிருந்தது. லினக்ஸ் கெர்னலுக்கு இதே போன்ற ஒன்று 2014-ல் வந்தது.

அதே 2014-ல் ஜிசிசி 4.9.0 பதிப்பு கெர்னலின் ஒரு பகுதியைத் தவறாகவே மொழிபெயர்த்தது. டார்வால்ட்ஸ் வாய்க்கு வந்தபடி திட்டினார். கம்பைலர்காரர்கள் திருத்திவிட்டார்கள். அது அசல் பிழை. பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். விதிப்படி நடந்த கெடுதலை 'பிழை' என்று யாரும் பதிவுகூடச் செய்வதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

நம் கையில் இருப்பது

கெர்னலை நாம் எழுதப் போவதில்லை. ஆனால் அதற்காகக் கொடுக்கப்படும் வேகமும் பாதுகாப்பும் நமக்காகத்தான் கொடுக்கப்படுகின்றன. வேகம் மட்டுமே கேட்டால் வேகம்தான் கிடைக்கும்.

லினக்ஸ் பழகியவர்களில் சிலர், ஓ3 என்ற அதிகபட்ச ஆப்டிமைசேஷன் வைத்துத் தாங்களே கெர்னலைக் கம்பைல் செய்துகொள்வார்கள். புதியவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கெர்னல் வழக்கமாகக் கம்பைல் ஆவது ஓ2 அளவில். 2022-ல் ஓ3-ஐ எல்லோருக்கும் ஒரு தேர்வாகக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது டார்வால்ட்ஸ் அதை ஆதரிக்கவில்லை. வேகத்திலும் அது நம்பகமான லாபம் தருவதில்லை என்பது அவர் வாதம்.

கம்பைலர் மாறினால் பழைய பாடமும் மறுபடி தேவைப்படும் என்பதையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு உலகம் ஜிசிசியை விட்டு கிளாங் என்ற கம்பைலருக்குப் போனது. 2017-ல் வந்த கூகுளின் பிக்ஸல் 2 போனின் கெர்னல் கிளாங்கில் கம்பைல் ஆனது. பூஜ்யச் சோதனையை நீக்காதே என்ற ஸ்விட்ச் கிளாங்கில் வேலை செய்யத் தொடங்கியதோ 2018-ல். போனில் இருக்கும் ஏஆர்எம் பிராசசர் வேறு, மெமரிக்குப் போகும் வரிசையை இன்டெலைவிடத் தாராளமாக மாற்றக்கூடியது. டெஸ்க்டாப்பில் பத்து வருடம் ஒளிந்திருந்த தவறு போனில் தலைகாட்டலாம்.

2014 முதல் வந்த புதிய இன்டெல் பிராசசர்களில், யூசரின் மெமரியை கெர்னல் அனுமதியில்லாமல் தொட்டால் ஹார்டுவேரே தடுத்துவிடும் வசதி இருக்கிறது. டன் டிரைவரில் நடந்தது அங்கே அதே வழியில் நடக்காது. அதற்காகப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அப்டேட்டைத் தள்ளிப் போடாமல் இருந்தால் போதும். கெர்னல் அப்டேட்டுக்கு மட்டும் ரீஸ்டார்ட் கேட்பதால்தான் பலர் "பிறகு" என்பதை அழுத்துகிறார்கள். ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான். இறக்கி வைத்த புதியது ஹார்ட் டிஸ்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

உங்களிடம் எது ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' பகுதியில் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' என்பதைத் தொட்டால் கெர்னல் வெர்ஷனும், செக்யூரிட்டி அப்டேட் வந்த தேதியும் தெரியும். சில கம்பெனி போன்களில் இது 'சாப்ட்வேர் இன்பர்மேஷன்' என்ற தலைப்பில் இருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால், அந்த போனில் பேங்க் வேலைகளை வைத்துக்கொள்ள நான் யோசிப்பேன்.